சார்ஜன்ட் கஃப் திரும்பி வந்தார்

"சோதினை வருது. நீ கொலைக் கதையோட இருக்கிறாய்!"

எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கும் வசனம் இது. உம்மாவுக்குத் துப்பறியும் கதைகள் பிடிக்காது. அதற்கு அவர் சொல்லும் காரணங்கள் மூன்று. ஒன்று, அவற்றால் பாடத்துக்குப் பிரயோசனம் இல்லை. இரண்டு, அவற்றில் வருவோர் திருடர்கள், கொலைகாரர்கள். போதாக்குறைக்குத் துப்பறிகிறவரும் ஒழுங்கான ஆளாக இருப்பதில்லை. மூன்று, அவை நமக்குரியவை அல்ல.

இதை வாசிக்கும் பெற்றோரில் பலர் உம்மாவின் பக்கம் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். தோழிகளில் சிலர் என் பக்கம் நிற்கக்கூடும். இரு சாராருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பிழை விடுகிற துப்பறிவாளரின் கதை, பிழையே விடாதவரின் கதையைவிட நமக்கு அதிகம் கற்றுத்தருகிறது. ஆனால் அவர் தன் பிழையை வாய் திறந்து ஒத்துக்கொள்பவராக இருக்க வேண்டும்.

உம்மாவின் மூன்றாவது காரணத்திலிருந்தே தொடங்குகிறேன். துப்பறிதல் நமக்கு அந்நியமானதா? சூரா யூசுபை நினைத்துப் பாருங்கள். சகோதரர்கள் பொய் இரத்தம் தோய்ந்த சட்டையைக் கொண்டுவந்து தந்தையிடம் காட்டுகிறார்கள். யஃகூப் நபி (அலை) அதை நம்பவில்லை. பின்னர் எகிப்தில் யூசுப் நபி (அலை) மீது பழி சுமத்தப்படுகிறது. அப்போது அந்தப் பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே ஒரு வழி சொல்கிறார். சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை. பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை. பார்த்தால், பின்புறம்தான் கிழிந்திருக்கிறது. ஒரே சூராவில் ஒரு சட்டை பொய்க்குச் சாட்சியாகக் கொண்டுவரப்படுகிறது, இன்னொரு சட்டை உண்மைக்குச் சாட்சியாகிறது. ஆளின் அந்தஸ்தைப் பார்க்காதே, தடயத்தைப் பார் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெங்கே படிப்பது?

நாவலை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். இலங்கையின் முதலாவது தமிழ் நாவல் என்று நாம் படிக்கும் 'அஸன்பேயுடைய கதை' 1885 இல் வெளிவந்தது. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெவ்வை. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவரும், முஸ்லிம் பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பாடுபட்டவரும் அவரே. அந்த நாவலின் கதையே ஒரு குழந்தை கடத்தப்படுவதிலிருந்துதான் கிளம்புகிறது. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்றவர் குற்றம் வரும் கதையை எழுதத் தயங்கவில்லை.

இனித் துப்பறிவாளர்களுக்கு வருவோம்.

தமிழில் மிகப் பெயர்பெற்ற துப்பறிவாளர்களில் ஒருவர் தமிழ்வாணனின் சங்கர்லால். வாப்பா தன் இளமைக் காலத்தில் விரும்பி வாசித்தவர். சங்கர்லால் தேநீர் குடிப்பார், சிந்திப்பார், கண்டுபிடிப்பார். உலகின் எந்த நகரத்துக்குப் போனாலும் வென்றுவிட்டுத்தான் திரும்புவார். வாசிக்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு எனக்கு மிஞ்சும் எண்ணம் ஒன்றே: கெட்டிக்காரன் சந்தேகப்பட்டால் அது சரியாகத்தான் இருக்கும். இந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்று பிறகு சொல்கிறேன்.

இவருக்கு நேரெதிரானவர் தேவனின் துப்பறியும் சாம்பு. 1942 இல் ஆனந்த விகடனில் பிறந்தவர். வங்கிக் குமாஸ்தா, மந்த புத்திக்காரர் என்று பெயரெடுத்தவர். எதையோ செய்யப் போய் எதிலோ மாட்டிக்கொள்வார். அவர் தடுக்கி விழுகிற இடத்தில் திருடன் அகப்படுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் முதல் ஊரார் வரை எல்லோரும் 'என்ன மூளை!' என்று வியப்பார்கள். நானும் வயிறு நோகச் சிரித்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் சாம்புவைவிட அவரைச் சுற்றி இருப்பவர்களைப் பற்றித்தான் தேவன் அதிகம் சொல்கிறார். ஒருவருக்கு ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அதன்பின் அவர் எதைச் செய்தாலும் அதில் அறிவைக் காண ஊர் தயாராக இருக்கிறது. கெட்ட பெயருக்கும் இதே விதிதான். சாம்புவுக்கு அதிர்ஷ்டம், அவருக்குக் கிடைத்தது நல்ல பெயர்.

பிழையே விடாதவர் ஒருவர். பிழையைத் தவிர வேறொன்றும் விடாதவர் இன்னொருவர். இருவருமே தாங்கள் பிழை விட்டதாக உணர்வதில்லை.

இப்போதைய தொலைக்காட்சித் தொடர்களில் வேறொரு வகை வந்திருக்கிறது. துப்பறிகிறவர் குடிப்பார், மனைவியைப் பிரிந்திருப்பார், நித்திரை கொள்ளமாட்டார், எல்லோர் மீதும் எரிந்து விழுவார். ஆனால் வழக்கில் மட்டும் கடைசியில் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். இதைத்தான் குறையுள்ள துப்பறிவாளர் என்று புகழ்கிறார்கள். உம்மாவின் இரண்டாவது காரணம் இவர்களைப் பற்றியதென்றால் நான் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். குடியும் கோபமும் அந்தப் பாத்திரத்துக்குப் பூசிய பவுடர் மாதிரி. அவருடைய தீர்ப்பை அவை தொடுவதே இல்லை. சங்கர்லாலின் தேநீர்க் கோப்பையில் வேறெதையோ ஊற்றிவைத்தால் குறையுள்ள மனிதர் வந்துவிடுவாரா?

ஷெர்லக் ஹோம்ஸ்கூடப் போதைமருந்து பாவித்தவர்தான். அதனால் அவர் எனக்கு நெருக்கமாகவில்லை. 1893 இல் வந்த 'மஞ்சள் முகம்' என்ற சிறுகதையில்தான் நெருங்கினார். ஒரு பெண் கணவனுக்குத் தெரியாமல் அயல்வீடொன்றுக்குப் போய்வருகிறாள். முதல் கணவன் உயிரோடு வந்து அவளை மிரட்டிப் பணம் பறிக்கிறான் என்று ஹோம்ஸ் முடிவு கட்டுகிறார். கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரு சின்னப் பிள்ளை. முதல் கணவர் கறுப்பினத்தவர்; அவருக்குப் பிறந்த மகளை உலகத்துக்குக் காட்டப் பயந்து, முகமூடி போட்டு மறைத்து வைத்திருக்கிறாள் தாய். ஹோம்ஸ் தலைகுனிகிறார். இனிமேல் தான் அளவுக்கு மீறித் தன்னை நம்பினால், அந்தச் சம்பவம் நடந்த ஊரின் பெயரைத் தன் காதில் சொல்லும்படி நண்பர் வாட்சனிடம் கேட்டுக்கொள்கிறார். எனக்கு வேண்டிய குறை இதுதான். நல்ல எண்ணத்தோடு, நல்ல மூளையோடு, ஒரு மனிதரைப் பற்றித் தவறாக நினைத்துவிடும் குறை.

அந்தக் குறையை முழு நாவலாக வாசிக்க விரும்புவோருக்கு நான் சொல்லும் புத்தகம் வில்க்கி கொலின்ஸின் 'த மூன்ஸ்டோன்'. 1868 இல் சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. நான் முதலில் வாசித்தது மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்பு. பிறகு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு முழுதையும் வாசித்தேன்.

கதை தொடங்குவது நமக்கு அருகில்தான். 1799 மே 4 ஆம் திகதி, ஸ்ரீரங்கப்பட்டணம். திப்பு சுல்தான் வீழ்ந்த நாள். கோட்டைக்குள் நுழைந்த ஆங்கில அதிகாரி ஒருவன், காவலிருந்த மூன்று இந்தியர்களைக் கொன்று ஒரு பெரிய மஞ்சள் வைரத்தைக் கவர்ந்து செல்கிறான். ஐம்பது வருடங்கள் கழித்து அது அவனுடைய மருமகள் முறையான ரேச்சலுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் பரிசாக வருகிறது. அன்றிரவே காணாமல் போகிறது.

யாரைச் சந்தேகிப்பது? வீட்டைச் சுற்றித் திரிந்த மூன்று இந்தியர்களை உடனே பிடிக்கிறார்கள். அவர்கள் அன்றிரவு வைரத்தை எடுத்திருக்க முடியாது என்று தெளிவாகிறது. ஆனாலும் நாடோடிகள் என்ற குற்றம் சொல்லி ஒரு வாரம் சிறையில் வைக்கிறார்கள். அடுத்து ஊர்ப் பொலிஸ் அதிகாரி சீக்ரேவ் வருகிறார். அவர் சத்தம் போட்டு வேலைக்காரப் பெண்களின் பெட்டிகளைச் சோதிக்கிறார். புதிதாகப் பூசிய கதவில் பெயின்ட் கலைந்திருப்பதைக் கண்டும், பெண்களின் பாவாடை பட்டிருக்கும் என்று ஏசிவிட்டு அப்பால் போகிறார்.

அதன் பிறகுதான் லண்டனிலிருந்து சார்ஜன்ட் கஃப் வருகிறார். மெலிந்த, நரைத்த மனிதர். ரோசாச் செடி என்றால் உயிர். வழக்கின் நடுவிலும் தோட்டக்காரரோடு ரோசாவைப் பற்றி விவாதிப்பார். சீக்ரேவ் தள்ளிவிட்ட அந்தப் பெயின்ட் தடத்தை அவர் தள்ளிவிடவில்லை. பெயின்ட் எத்தனை மணிக்குக் காய்ந்திருக்கும் என்று கணக்கிடுகிறார். நள்ளிரவுக்கும் அதிகாலை மூன்றுக்கும் இடையில் யாரோ அந்தக் கதவால் போயிருக்கிறார். அவருடைய உடுப்பில் பெயின்ட் கறை இருக்கும். அந்த உடுப்பைத் தேடு! யூசுப் நபியின் (அலை) சட்டை எனக்கு நினைவுக்கு வந்த இடம் இதுதான். கஃப் இதுவரை சொன்ன ஒவ்வொன்றும் சரி.

பிழை எங்கே நடக்கிறது? தன் அலுமாரியைச் சோதிக்க ரேச்சல் விடவில்லை. ஒன்றும் பேசவும் மாட்டேன் என்கிறாள். உயர்குடும்பப் பெண்கள் இரகசியமாகக் கடன்பட்டு நகைகளை ஒளித்த வழக்குகளைக் கஃப் முன்பு கண்டிருக்கிறார். வீட்டிலே ரோசன்னா என்ற வேலைக்காரப் பெண் இருக்கிறாள். ஒரு காலத்தில் திருடியவள். திருந்தி வாழ வந்தவள். கஃப் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார். ரேச்சலே தன் வைரத்தை ஒளித்தாள், ரோசன்னா துணை போனாள் என்று ரேச்சலின் தாயிடம் சொல்லிவிடுகிறார். அது முழுப் பிழை. ரேச்சலின் மௌனத்துக்கும் ரோசன்னாவின் பதற்றத்துக்கும் காரணம் வேறு. அந்தக் காரணத்தை ரோசன்னாவிடம் எவரும் அன்பாகக் கேட்கவில்லை. அவள் கடற்கரைப் புதைமணலில் மாண்டுபோகிறாள்.

இங்கே கவனியுங்கள். கஃப் பொய் சொல்லவில்லை. சோம்பலாக இருக்கவில்லை. தடயங்கள் போதாமல் போன இடத்தை அனுபவத்தால் நிரப்பினார். 'இப்படிப்பட்டவர்கள் இப்படித்தான் செய்வார்கள்' என்ற நினைப்பால் நிரப்பினார். அந்த நினைப்புக்குள் ஒரு ஏழைப் பெண் அகப்பட்டுப் போனாள்.

பல நாவல்கள் இதோடு கஃபை மறந்துவிடும். கொலின்ஸ் மறக்கவில்லை. ஓய்வுபெற்று ரோசா வளர்த்துக்கொண்டிருக்கும் கஃப் மறுபடி வருகிறார். அந்த வழக்கில் தான் தவறிவிட்டதாகத் தன் வாயாலேயே சொல்கிறார். அன்று தான் வாங்கிய தாராளமான கூலிக்குக் கடன்பட்டிருப்பதால் இந்த முறை ஒரு காசும் வேண்டாம் என்கிறார். வேலையை முதலிலிருந்து செய்து முடிக்கிறார். உண்மைத் திருடன் யாரென்று நான் சொல்லமாட்டேன். வாசிக்கப்போகும் தோழிகளின் சாபம் எனக்கு வேண்டாம். ஆனால் எனக்கு அந்த நாவலின் உச்சம் திருடன் பிடிபடும் இடமல்ல. கஃப் திரும்பி வரும் இடம்.

'இதெல்லாம் கதை' என்பீர்கள். நம் நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். மகாதேவா சதாசிவம் என்ற கிரிக்கெட் வீரரின் பெயரைப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். 1947 இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் எடுத்தவர். இலங்கை அணியின் தலைவராக இருந்தவர். 1951 ஒக்டோபர் 9 ஆம் திகதி அவருடைய மனைவி கொழும்பில் தம் வீட்டில் கொல்லப்பட்டார். பொலிஸார் கணவரைச் சந்தேகித்தனர். குடும்பத்தில் பிரச்சினை இருந்தது. அவருடைய வாழ்க்கை முறையும் ஊருக்குத் தெரிந்தது. சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் அந்தச் சந்தேகத்தை நிரூபிக்க, அந்த வீட்டில் வேலைசெய்த வில்லியம் என்ற இளைஞனுக்கு மன்னிப்பு வழங்கி அரச சாட்சியாக்கினர்.

வழக்கு 57 நாட்கள் நடந்தது. எதிரிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. சட்ட மருத்துவப் பேராசிரியர் டி சேரமும், எடின்பரோவிலிருந்து வந்த சேர் சிட்னி ஸ்மித்தும் மருத்துவத் தடயங்களை எடுத்து விளக்கினர். மரணம் எந்நேரத்தில் நிகழ்ந்தது என்பது பெரிய கேள்வியானது. 1953 ஜூன் மாதம் ஜூரிகள் சதாசிவத்தை நிரபராதி என்றனர். கொலைக்கும் தீர்ப்புக்கும் இடையே இருபது மாதங்கள். வில்லியத்துக்கு ஏற்கெனவே மன்னிப்புக் கொடுத்தாயிற்று. அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தாயை இழந்த பிள்ளைகளுக்கு நீதியும் கிடைக்கவில்லை. முதல் சந்தேகத்தை இறுகப் பிடித்துக்கொண்டால் நிரபராதி துன்பப்படுவது மட்டுமல்ல, குற்றவாளியும் தப்பிவிடுகிறான்.

யாழ்ப்பாணத்தில் முஸ்லிம் பிள்ளையாகப் பிறந்த எனக்கு இது தூரத்து விடயம் அல்ல. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி எங்கள் சோனகத் தெரு மக்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். கதவைப் பூட்டுவதா திறந்துவிடுவதா என்று தெரியாமல் நின்றதாக உம்மம்மா சொல்வார். ஒருவரைக்கூட விசாரிக்காமல் ஊர் முழுவதற்கும் தீர்ப்பு. அது ஒரு தவறு என்று அவர்கள் தரப்பிலிருந்தே 2002 இல் சொன்னார்கள். அந்தப் பன்னிரண்டு வருடங்களில் உம்மா புத்தளத்தில் வளர்ந்து பெரியவளாகிவிட்டார்.

2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் பொலிஸார் தேடப்படுவோரின் படங்களை வெளியிட்டனர். அதில் ஒரு படம் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த, இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த மாணவியுடையது. அவளுக்கும் அந்தச் சம்பவத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பொலிஸார் பிழையை ஒத்துக்கொண்டு திருத்தினர். அதற்குள் படம் உலகம் சுற்றிவிட்டது. அவளுக்கு மிரட்டல்களும் வந்துவிட்டன. திருத்தம் அந்தளவு தூரம் போயிருக்குமா?

மற்றவர்கள் நம்மைச் சந்தேகித்ததைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் இந்த நாவலை மூடியபோது எனக்கு நினைவு வந்தது வேறொன்று.

சென்ற வருடம் நான் போகும் டியூஷன் வகுப்பொன்றில் குறிப்புகளைப் போட்டோப்பிரதி எடுக்கச் சேர்த்த காசு காணாமல் போனது. 2,800 ரூபா, ஒரு கடித உறையில். இடைவேளையில் வகுப்புக்குள் தனியாக இருந்தவள் ஒருத்தி. அவள் தன் பங்கை இன்னும் கொடுக்கவில்லை. வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும். எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. சங்கர்லாலே வந்திருந்தாலும் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்தேன். மூன்று தோழிகளிடம், 'யாருக்கும் சொல்லாதீங்க' என்று சொல்லிச் சொன்னேன். நான்கு நாட்களுக்குப் பின் அந்த உறை ஆசிரியரின் இடாப்புக்குள் அப்படியே இருந்தது.

நான் அவளுக்கு மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். 'பரவாயில்லை' என்று பதில் வந்தது. அதோடு என் கணக்கு முடிந்தது என்று இருந்துவிட்டேன். அவள் வேறு வகுப்புக்கு மாறிப் போனாள். அந்த மூவரிடமும் நான் பிழை என்று சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. பழி சொல்லும்போது நாலு பேர் முன்னால், மன்னிப்புக் கேட்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு.

அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மீது அவதூறு பரவியபோது, அதைக் கேட்டவர்கள் ஏன் நல்லெண்ணம் கொள்ளவில்லை என்று சூரா அந்நூர் கேட்கிறது. அதை நான் எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். அதே சூரா, பழி சுமத்தியவர்கள் தவ்பா செய்வதோடு சீர்திருத்திக்கொள்வதையும் சேர்த்தே சொல்கிறது. தவ்பா எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில். சீர்திருத்துவது, நான் கெடுத்த இடத்துக்கே திரும்பிப் போய்ச் செய்யவேண்டியது. கஃப் செய்தது அதைத்தான்.

ஆகவே, அவளிடம் கேட்டு, அவள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அந்த மூன்று தோழிகளும், அவர்களிடமிருந்து கேட்டவர்களும் அறிந்துகொள்ளுங்கள். அந்தக் காசை எவரும் எடுக்கவில்லை. அவள் மீது பிழை இல்லை. பிழை என்னுடையது.

உம்மாவின் முதலாவது காரணம் மிச்சமிருக்கிறது. பாடத்துக்குப் பிரயோசனமா? சோதினைத் தாளில் சார்ஜன்ட் கஃபைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும்போது, வகுப்பில் ஒரு பேனை காணாமல் போகும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஒரு பேச்சு வரும்போது, 'எனக்குத் தெரிந்தது எவ்வளவு, நான் நிரப்பியது எவ்வளவு?' என்று கேட்க அந்தக் கிழவர் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். பெற்றோரே, பிள்ளையின் கையில் துப்பறியும் கதையைக் கண்டால் பறிக்க முன்னர் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் துப்பறிகிறவர் பிழை விடுகிறாரா, விட்டால் என்ன செய்கிறார்? நல்ல பதில் வந்தால் புத்தகத்தைக் கையில் விட்டுவிடுங்கள்.

இதை எழுதி முடித்து உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். டியூஷன் விடயம் அவருக்கு முன்பு தெரியாது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை முதலே செஞ்சிருக்கணும்" என்றார். எழுந்து போனவர் குசினி வாசலில் நின்று கேட்டார்:

"அது சரி, அந்த வைரத்தை எடுத்தது ஆர்?"